தளத்தைத் திருத்த வேண்டாம்: யட்டவத்தயிலிருந்து ஒரு பணிவான விண்ணப்பம்

அரசாங்க இணையத்தளங்கள் அனைத்துக்கும் பொறுப்பான அதிகாரசபைத் தலைவர் அவர்களுக்கு (அப்படியொருவர் இருப்பாரேயானால்),

விடயம்: அரச இணையத்தளங்களை இப்போதுள்ள நிலையிலேயே தொடர்ந்து பேணுமாறு கோரல்

கனம் ஐயா / அம்மணி,

மாத்தளை மாவட்டம், யட்டவத்த பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த வெப் டிசைனர் ஒருவரின் விண்ணப்பம் இது. விண்ணப்பதாரர் டிப்ளோமா முடித்து ஊருக்கு வந்து ஒரு கொமியுனிகேஷன் கடை நடத்துகிறார். கடை முகப்பில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்றில் ‘வெப்சைட் செய்து தரப்படும்’ என்றும் மற்றதில் ‘ஒன்லைன் எப்ளிகேஷன் நிரப்பித் தரப்படும்’ என்றும் எழுதியிருக்கிறது. முதலாவது பலகை வெயிலில் வெளுத்துவிட்டது. மிளகும் கொக்கோவும் இறப்பரும் விளைகிற பிரதேசத்தில் வெப்சைட் கேட்டு வருபவர் அபூர்வம். இரண்டாவது பலகைதான் அடுப்பெரிக்கிறது. அதற்கு விறகு போடுவது தங்கள் தளங்கள்.

ஆனபடியால், அவை திருந்தப்போகின்றன என்று அண்மைக்காலமாக அடிபடும் பேச்சு விண்ணப்பதாரரைக் கலங்க வைத்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் ‘கவ்பே’ வந்தது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசைக் கைபேசியிலேயே கட்டலாம் என்றார்கள். டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று தனி அமைச்சே இருக்கிறது. இந்த வேகத்தில் போனால், தோட்டத்து அம்மா ஒருவர் யாருடைய உதவியுமில்லாமல் ஒரு படிவத்தை நிரப்பிவிடும் ஆபத்து இருக்கிறது.

அந்த ஆபத்து இன்றைக்கு இல்லை என்பதற்கு ஒரு காலை நேரத்தைச் சாட்சியாகத் தரலாம். இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து, கை கழுவியும் போகாத வாடையோடு அம்மா ஒருவர் கடைக்குள் வருகிறார். கையில் மகன் வாங்கிக் கொடுத்த கைபேசி. அதில் ஓர் அலுவலகத்தின் தளம் திறந்திருக்கிறது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். “தம்பி, இதுல எங்க அமுக்குறது?” என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. திரை முழுவதையும் ஒரு பெரும்புள்ளியின் படம் பிடித்திருக்கிறது, அதுவும் நெற்றியிலிருந்து மூக்கு வரை மட்டும். விரலால் தள்ளினால் வாய் வருகிறது. இன்னும் தள்ளினால் அவருடைய வாழ்த்துச் செய்தி. அதன்பின் தொலைநோக்கு, பணிநோக்கு, ஜனவரி முதலாம் திகதி உத்தியோகத்தர்கள் வரிசையில் நின்று உறுதிமொழி எடுத்த படங்கள், சிரமதானப் படங்கள், இதுவரை வந்துபோனவர்களின் எண்ணிக்கை. படிவம் எல்லாவற்றுக்கும் அடியில், ‘பதிவிறக்கங்கள்’ என்பதற்குள், ‘ஏனையவை’ என்பதற்குள் இருக்கிறது. தமிழில் தலைப்பு, அமுக்கினால் ஆங்கிலப் படிவம். அதுவும் தாளைச் சரித்து வைத்து ஸ்கேன் பண்ணிய பீடிஎஃப். கழுத்தை இடப்பக்கம் சாய்த்தால் வாசிக்கலாம்.

ரீலோட் போட்ட டேட்டாவில் பாதி அந்தப் படங்களுக்கே போய்விட்டது. படிவத்தை நிமிர்த்தி, பிரின்ட் எடுத்து, நிரப்பிக் கொடுத்ததற்கு விண்ணப்பதாரர் காசு வாங்கினார். இலவச சேவைக்குக் கட்டணம் எப்படி வந்தது என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கள் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

வெளிநாட்டு நிபுணர்கள் சிலர் இத்தகைய தொழில்களுக்கு எதிராகவே காலங்காலமாக எழுதி வருகிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் அவர்களில் முதன்மையானவர். ஓடிக்கொண்டேயிருக்கும் எழுத்து, காலாவதியான தகவல், இறங்க நேரமெடுக்கும் பக்கம் ஆகிய மூன்றையும் அவர் 1996இலேயே வலைத்தள வடிவமைப்பின் பெருந்தவறுகள் என்று பட்டியலில் போட்டுவிட்டார். அந்த மூன்றையும் ஒரே பக்கத்தில், அதுவும் மும்மொழியில், இத்தனை ஆண்டு கடந்தும் காப்பாற்றிவைத்திருக்கும் தங்கள் உறுதிக்கு விண்ணப்பதாரர் தலைவணங்குகிறார். முடிவுத் திகதி போய் எத்தனையோ மாதமான வேலைவாய்ப்பு அறிவித்தல் ஒன்று தலைப்புக்குக் கீழே இன்னும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் வால் மறைகிறது. மறுபடி தலை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அதே நீல்சன் 1993இல் எழுதிய புத்தகத்தில் நேரக்கணக்கும் இருக்கிறது. பதில் ஒரு விநாடிக்குள் வந்தால் மனிதனின் யோசனை அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். தோட்டப்பக்கச் சிக்னலில் அந்தப் பத்து விநாடிக்குள் பெரும்புள்ளியின் மூக்கும் வராது. அரசாங்கத்துக்கு வேகம் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்களை மூடியபோது அது எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கியது என்பதை நாடே பார்த்தது.

தொழில் படுத்துப்போன காலமும் ஒன்று உண்டு. 2022இல் எரிபொருள் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது, அதைப் பங்கிடும் கியூஆர் முறைக்கென்று ஒரு தளத்தைத் திறந்தார்கள். அதில் யாருடைய படமும் இல்லை, செய்தியும் இல்லை. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் கொடுத்தால் சதுரப் படம் வந்துவிடும். மும்மொழியிலும் இருந்தது. திரீவீல்காரர்கள் தாங்களே பதிந்துகொண்டார்கள். கடைக்குக் கிடைத்ததெல்லாம் லெமினேட் பண்ணிய காசுதான். ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்ற அந்தப் பழக்கம் மற்ற அலுவலகங்களுக்கும் தொற்றிவிடுமோ என்று விண்ணப்பதாரர் நடுங்கினார். தொற்றவில்லை. 2023 செப்டெம்பரில் அந்த முறையே நின்றது. பிரித்தானியாவில்தான் விஷயம் கைமீறிப்போய்விட்டது: 2012இல் தொடங்கிய ஒரே அரச தளத்தில் அமைச்சுகளின் வரிசையைப் பின்னுக்குத் தள்ளி, வாகன வரி, கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு என்று சனம் தேடிவருகிற காரியங்களை முன்னுக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே படிவம் நிரப்பிக் கொடுக்கிற கடைக்காரரின் பிள்ளை குட்டிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உள்ளூரிலும் ஓர் எதிரி இருக்கிறது. 1919. அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்ப முகவர் நிறுவனமான ஐசிடிஏ தொடங்கிய அரச தகவல் நிலையத்தின் தொலைபேசி இலக்கம். அழைத்தால் மனிதர் ஒருவர் எடுத்து, என்ன வேண்டும் என்று தமிழிலேயே கேட்பார். தொலைநோக்கு வாசித்துக் காட்ட மாட்டார். எந்த முகப்புப் பக்கத்திலும் அந்த நான்கு இலக்கங்களைப் பெரிதாகப் போட்டுவிடக் கூடாது என்பது தாழ்மையான வேண்டுகோள்.

வலைப்பதிவு எழுதுகிறவர்களையும் கிட்டச் சேர்க்க வேண்டாம். காசு வாங்காமல் எழுதும் ஒரு பதிவர், தன் பதிவின் தலையில் திகதி போடுகிறார், அவர் மறந்தாலும் மென்பொருளே போட்டுவிடுகிறது. புதியது மேலே, பழையது கீழே. தகவல் பிழையென்றால் கீழே ஒருவர் வந்து சொல்லுகிறார், பதிவர் திருத்துகிறார். அலுவலகத் தளத்தில் எந்தப் பக்கத்துக்கும் பிறந்தநாள் கிடையாது. அங்கே கிடக்கும் கட்டண விபரம் இந்த வருடத்ததா, போன ஆட்சியினதா என்பதை அறிந்தவர் கடைக்காரர் ஒருவரே. அந்த அறிவுக்கும் சேர்த்துத்தான் சனம் காசு தருகிறது.

நூலகம் தளத்தை உதாரணம் காட்டுவோரையும் நம்ப வேண்டாம். 2005 முதல் தன்னார்வலர்கள் கூடி ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலையகத்து ஆவணங்களையும் ஸ்கேன் பண்ணி ஏற்றி வைத்திருக்கிறார்கள். விக்கிபீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருள். அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு நூலுக்கும் சொந்த முகவரி, எழுத்தாளர் பெயரில் தேடினால் கிடைக்கிறது, யுனிகோட்டில் இருப்பதால் கூகுளிலும் அகப்படுகிறது. தமிழ் யுனிகோட்டுக்குள் வந்தது 1991இல். அதைப் பொருட்படுத்தாமல் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, படமாக்கி, தளத்தில் ஒட்டும் உத்தியோகத்தர் இன்னும் எங்கேயாவது இருப்பாரானால் அவருக்குப் பதவியுயர்வு வழங்குமாறு சிபாரிசு செய்யப்படுகிறது. படத்துக்குள் கிடக்கும் தமிழைத் தேடுபொறி எளிதில் எடுக்காது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும் செயலியும் அதன்முன் பெரும்பாலும் வாயடைத்து நிற்கும்.

பாதுகாப்பு விடயத்திலும் தங்கள் பழைய பாரம்பரியம் தொடர வேண்டும். 2016 ஓகஸ்டில் கடுகண்ணாவையைச் சேர்ந்த பதினேழு வயது மாணவன் ஒருவன் ஜனாதிபதியின் உத்தியோகபூர்வ தளத்துக்குள் புகுந்து, உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்க வேண்டாம் என்றும் அரச தளங்களின் பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றும் எழுதி வைத்தான். பயனர் கருத்து என்று பாடப்புத்தகங்கள் சொல்லுவது அதைத்தான். அவனைக் கைது செய்தார்கள். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி டொட் எல்கே முகவரிகள் சில திசைமாறிப் போயின. கூகுளின் இலங்கை முகவரியைத் திறந்தவர்கள் தேயிலைத் துறையின் குறைகள், ஊடகச் சுதந்திரம், ஊழல் பற்றியெல்லாம் வாசிக்க நேர்ந்தது. தோட்டத்து விவகாரம் நாட்டின் முகப்புப் பக்கத்துக்கு வர அப்படியொரு வழிதான் திறந்திருந்தது போலும்.

2023இல் அரசாங்கத்தின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமலே போயின. சுமார் 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகத்தினதும் அதற்குள் அடக்கம். அந்த மூன்று மாதத்துக்குப் பிரதியே எடுத்து வைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. மற்றவர்கள் இணையத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதற்கு ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. அரசாங்கத்தின் சொந்தக் கடிதங்களுக்கு ஒரு பென் டிரைவும் இல்லை.

அறிவகம் என்றும் நெனசல என்றும் ஊரூராகக் கணினி நிலையம் திறந்ததும் இதே அரசாங்கந்தான் என்பதை விண்ணப்பதாரர் மறக்கவில்லை. விகாரைகளிலும் நூலகங்களிலும் இயங்கிய அந்தத் திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளை பத்து இலட்சம் டொலர் பரிசு கொடுத்தது. சனத்துக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று. பிடித்த மவுஸைக் கொண்டு எதை அமுக்குவது என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்ட பெருந்தன்மையில்தான் யட்டவத்தயில் ஒரு குடும்பம் பிழைக்கிறது.

எனவே, இனிமேலும் அமைச்சு மாறும்போது முகப்புப் படத்தை மட்டும் மாற்றும்படியும், படிவங்களைக் கழுத்துச் சாய்ந்த நிலையிலேயே வைத்திருக்கும்படியும் வேண்டப்படுகிறது. எப்படியும் திருத்தித்தான் ஆகவேண்டுமென்றால் ஆறு மாதம் முன்கூட்டியே அறிவித்தல் தரவும். ஓடும் எழுத்தில் போட்டால் போதும். விண்ணப்பதாரர் ஒருவர்தான் அதைக் கடைசிவரை வாசிப்பவர்.

இவ்வண்ணம்,
விண்ணப்பதாரர்,
யட்டவத்த.

குறிப்பு: இந்த விண்ணப்பத்தை ‘எங்களைத் தொடர்புகொள்ள’ பக்கத்தின் ஊடாக அனுப்ப முயன்றபோது, தொலைநகல் இலக்கம் கட்டாயம் நிரப்பப்பட வேண்டும் என்று சிவப்பில் வந்தது. கடையில் தொலைநகல் இல்லை. ஆகையால் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது. தபால் செலவு அடுத்த வாடிக்கையாளரின் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.