ஒரகடத்து டார்ச் லைட்டின் ஓ.டி. மறுப்பு: ஓர் ஆய்வு

ஒரகடம் சிப்காட்டில் உருவாகும் கார், லாரி, டயர் பற்றி எழுத ஆளுண்டு. அவற்றை இரவெல்லாம் காக்கும் செக்யூரிட்டியின் டார்ச் லைட் மட்டும் ஆய்வுலகின் கடைக்கண் பார்வைக்கு இன்னும் ஆளாகவில்லை. நள்ளிரவு தாண்டி, கன்டெய்னர் கதவின் சீல் எண்ணைப் படிக்கும்போது அது சட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே தொடையில் இரண்டு தட்டு. பிறகு ‘சைனா மால்’ என்ற தீர்ப்பு. இக்கட்டுரையின் துணிபு வேறு: அது பழுதன்று, ஓ.டி. மறுப்பு. மேலதிகாரி கேட்டும் ஓ.டி. பார்க்க மறுக்கும் துணிவு இந்த வட்டாரத்தில் அந்த ஒரு தொழிலாளிக்கே வாய்த்திருக்கிறது.

சான்றுக்கு வருவோம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 லித்தியம் செல், முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். பயன்படுத்தப் பயன்படுத்த இறங்கி, 3 வோல்ட்டை நெருங்கும்போதே அதன் கைவசச் சரக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும். அதற்கும் கீழே, 2 வோல்ட்டையும் தாண்டி இழுத்தால், எதிர்முனையைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் போடும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். இதைத் தடுக்கவே ‘புரொடெக்டட்’ செல்லின் அடியில் சிறு வட்டப் பலகை ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. மேலுறையைத் தடவினால் விரலில் மெல்லிய மேடு தட்டுப்படும். நேர்முனையிலிருந்து அப்பலகைக்கு இறங்கும் உலோகப் பட்டை அது. பலகையிலுள்ள சில்லு, வோல்ட் சுமார் 2.4-ஐத் தொட்டதும் இணைப்பைத் துண்டித்துவிடும்.

மறுப்போர் மூவர். ‘பேட்டரியை முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்’ என்பார் முதலாமவர். அது நிக்கல்-காட்மியம் காலத்து வேதவாக்கு. லித்தியத்துக்கு அது பொருந்தாது. கட்டைப் பேட்டரியை வெயிலில் காயவைத்துக் கடைசி மின்னையும் கறந்த பரம்பரைக்கு இதை ஏற்பது கடினந்தான். இரண்டாமவர், செத்த செல்லை நல்ல செல்லோடு ஒயர் போட்டு எழுப்பிக் காட்டுவார். எழுந்துவிட்டது என்பதால் உள்ளே செம்பு கரையவில்லை என்றாகாது. மூன்றாமவர் கேட்பதில் நியாயம் உண்டு: பாதி இருட்டில் விளக்கு கைவிட்டால் ஆளின் கதி? ஆனால் சில்லு கடைசி அரண் மட்டுமே. நல்ல டார்ச் அதற்கு முன்பே ஒளியைக் குறைத்தோ சிமிட்டியோ சொல்லிவிடும். சொல்லாத டார்ச்சுக்கு ஷிஃப்ட் முடிந்ததும் சார்ஜ், பையில் ஒரு மாற்றுச் செல் என்பதே விதி. அணைந்த செல்லை அப்படியே மாதக்கணக்கில் டிராயரில் போட்டுவைத்தாலும் கெடுதி. அந்தக் காவல் சில்லுக்கே சிறிது மின்சாரம் தீனியாக வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாள் வேலைக்கு 9 மணி நேரமென வரம்பு கட்டியது. அதை 12 ஆக்க வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழ, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மனிதரின் வரம்பைக் காக்க இத்தனை பாடு. செல்லின் வரம்பைக் காக்கச் சில ரூபாய்ச் சில்லு போதுமானதாக இருக்கிறது. 12 மணி நேர ஷிஃப்டில் நிற்கும் செக்யூரிட்டி அதன்மேல் எரிச்சல்படுவதன் காரணம் இப்போது விளங்கும். அவருக்கு அப்படியொரு சில்லு பொருத்தப்படவில்லை.