லேப்டாப் வித்வான்

கல்யாண ரிசப்ஷன் பத்திரிகையில் 'மாலை ஆறரை மணிக்கு மெல்லிசைக் கச்சேரி' என்று அச்சடித்திருந்தால், ரிதம் பேடுக்காரர் ஆறேகாலுக்கு வருவார். பாடகர் ஏழுக்கு வருவார். மாப்பிள்ளையும் பெண்ணும் மேக்கப் முடிந்து எட்டுக்கு மேடையேறுவார்கள். மதியம் மூன்று மணிக்கே வந்து, மண்டபத்து மேனேஜரைக் குட்டித்தூக்கத்திலிருந்து எழுப்பி, "சார், மேடையில எர்த் ஒழுங்கா இருக்கற ப்ளக் பாயின்ட் எது?" என்று கேட்பவர் ஒருவர்தான். அவர்தான் லேப்டாப் வித்வான்.

முந்தைய தலைமுறைக் கீபோர்டுக்காரரின் வாழ்க்கை எளிமையானது. ஒரு கீபோர்டு, ஒரு அடாப்டர், மிக்ஸருக்குப் போக ஒரு ஒயர், தூசி படாமல் மேலே போர்த்த, போன கச்சேரியில் அவருக்குப் போர்த்திய சால்வை. அவ்வளவுதான். புல்லாங்குழல் வேண்டுமென்றால் ஓர் எண்ணை அழுத்துவார். வயலின் வேண்டுமென்றால் இன்னோர் எண். இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். யாரும் குறை சொன்னதில்லை.

நம்மவர் வந்து இறங்கும்போது ஆட்டோவில் அவருக்கே இடமிருக்காது. 61 கட்டையில் ஒரு கீபோர்டு, 88 கட்டையில் இன்னொன்று, லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு பெடல், ஹெட்போன், லேப்டாப்பில் போதுமான துளைகள் இல்லாததால் ஒரு ஹப், அந்த ஹப் காலை வாரினால் மாற்றுவதற்கு ரிச்சி தெருவில் வாங்கிய இன்னொரு ஹப். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், மேடையில் இருக்கும் இரண்டு கீபோர்டுகளில் எதிலிருந்தும் சத்தம் வராது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினார் என்ற தகவல் மட்டும் லேப்டாப்புக்குப் போகும். சத்தம் முழுவதும் லேப்டாப்பில் இருக்கிறது. இதை யாராவது கேட்டால் விளக்குவதற்காகவே அவர் மூன்று மணிக்கு வருகிறார் என்றும் ஒரு பேச்சு உண்டு.

முதல் மோதல் மைக்செட்காரரோடு.

"அண்ணே, எனக்கு ஸ்டீரியோவா ரெண்டு லைன் வேணும்."

"தம்பி, இங்க எல்லாமே மோனோலதான் ஓடுது."

"பரவால்லண்ணே, ரெண்டு குடுங்க. பியானோல கீழ்க்கட்டையெல்லாம் இடது பக்கம் கேக்கும், மேல்கட்டையெல்லாம் வலது பக்கம் கேக்கும்."

"இடது பக்க பாக்ஸ் சமையக்கட்டப் பாத்து வச்சிருக்கு தம்பி."

கடைசியில் ஒரு லைன் கிடைக்கும். அதைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் மண்டபம் முழுக்கப் பரவும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலையடிப்பது. அதை ஸ்ருதியாக எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஐந்து கட்டை வரும். பாடகி ஐந்து கட்டையில் பாடுகிற நாளில் இந்த ரீங்காரத்தைத் தம்பூரா என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். மற்ற நாட்களில் மருந்து ஒன்றுதான்: லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குவது. பிடுங்கியதும் ரீங்காரம் நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து பேட்டரி இறங்க ஆரம்பிக்கும். ரீங்காரத்தோடு வாசிப்பதா, பேட்டரியோடு ஓடுவதா என்பதுதான் லேப்டாப் வித்வானின் முழுநேரத் தர்மசங்கடம். பாடகர் உருகி உருகிப் பாடும்போது இவர் கண்ணை மூடாமல் திரையின் மேல் மூலையையே வெறித்துப் பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அது பாவம் அல்ல, பதினெட்டு சதவிகிதம்.

அடுத்தது தாமதம். இதில்தான் அவருடைய வித்வத்தின் உச்சம் இருக்கிறது. கட்டையை அழுத்தியதும் லேப்டாப் கணக்குப் போட்டுச் சத்தமாக்கி அனுப்ப ஒரு நேரம் பிடிக்கும். அந்தக் கணக்கை எத்தனை துண்டாகச் சேர்த்து அனுப்புவது என்பதற்குப் பஃபர் என்று பெயர். வினாடிக்கு 48,000 துண்டு என்று வைத்துக்கொண்டால், பஃபர் 128 என்றால் தாமதம் மூன்று மில்லி செகண்டுக்கும் குறைவு. 1,024 என்றால் 21 மில்லி செகண்ட். குறைத்து வைத்தால் விரலோடு சத்தம் ஒட்டும், ஆனால் லேப்டாப் மூச்சு வாங்கி 'டப் டப்' என்று தெறிக்கும். கூட்டி வைத்தால் தெறிக்காது, ஆனால் விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். 128-க்கும் 256-க்கும் நடுவில் அவர் படும் பாட்டை மாப்பிள்ளை பார்த்தால் தன் கவலையை மறந்துவிடுவார். "மூணு மில்லி செகண்ட் லேட்டானாக்கூட என் விரல் சொல்லிடும்" என்பார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஓரடிக்குச் சற்றே அதிக தூரம்தான் போகும். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவுக்குப் பாட்டு ஏறக்குறைய 90 மில்லி செகண்ட் கழித்துத்தான் போய்ச் சேருகிறது. அதற்குள் அவர் பந்தி எப்போது என்று விசாரிக்க எழுந்து போயிருப்பார்.

சத்தம் சேர்க்கிற வியாதியும் உண்டு. ஒரே ஒரு பியானோவை, ஒவ்வொரு கட்டையாக, மெல்ல, பலமாக, மிகப் பலமாக என்று தனித்தனியே பதிவு செய்து, பல ஜிபி அளவில் விற்கிறார்கள். அப்படி நாலு பியானோ வைத்திருப்பார். நாலுக்கும் வித்தியாசம் தெரிந்த உலகத்து மனிதர்கள் அவரும், அதே நாலை வாங்கிய அவருடைய நண்பரும். வீட்டில் இந்தச் செலவுகளுக்குக் கணக்குச் சொல்வது தனிக் கலை.

"என்னங்க, பெரிய பெட்டியா வந்திருக்கு? புது கீபோர்டா?"

"சேச்சே, பழசுதாம்மா. சர்வீஸுக்குக் குடுத்திருந்தேன்ல?"

"சர்வீஸுக்குக் குடுத்தா கட்டை அதிகமாகுமா?"

88 கட்டையை எண்ணிப் பார்க்கிற மனைவி அமைவதும் கொடுப்பினைதான்.

மேடை மென்பொருளில் பல வகை உண்டு. நம்மவர் ஆப்பிள் கட்சியாக இருந்தால் மெயின்ஸ்டேஜ். 2007-ல் வந்தது, ஆப்பிள் கணினி தவிர வேறெதிலும் ஓடாது. அதில் ஒரு கச்சேரிக்கு ஒரு ஃபைல், அதற்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பேட்ச். பேட்ச் என்றால் அந்தப் பாட்டுக்கு எந்தக் கட்டையில் எந்த வாத்தியம் என்கிற ஏற்பாடு. தலைவாழை இலையில் உப்புக்கும் பாயசத்துக்கும் இடம் வகுத்திருப்பது போல, இடது கைக்கு வயலின் கூட்டம், வலது கைக்குப் புல்லாங்குழல், மேல் ஓரத்தில் இரண்டே கட்டைக்கு ஒரு கோயில் மணி என்று பிரித்து வைத்திருப்பார். பாட்டு முடிந்ததும் காலால் ஒரு பெடலைத் தட்டினால் அடுத்த பாட்டின் ஏற்பாடு கண்முன் வரும், கொட்டை எழுத்தில் பாட்டின் பெயரோடு. ஒரு வாரம் இரவு கண்விழித்து அடுக்கிய வரிசை.

பாடகி வந்து உட்கார்ந்து, "அண்ணா, தொண்டை கட்டிக்கிச்சு, எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கிக்கலாமா?" என்பது வரைக்கும் அந்த வரிசை அழகாக இருக்கும். இறக்குவது பெரிய விஷயமில்லை, ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் வகுத்து வைத்த எல்லைகள்? மேல் ஓரத்துக் கோயில் மணிக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில் எல்லைத் தகராறு வரும். சரணம் முடிகிற உருக்கமான இடத்தில் 'டங்' என்று ஒரு மணி அடித்தால், பக்திமான்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அதையும் தாண்டினால் துண்டுச் சீட்டு. மாப்பிள்ளையின் தாய்மாமா கையெழுத்தில், பட்டியலில் இல்லாத ஒரு பழைய பாட்டு. மற்றவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை; பாடகர் செல்போனில் வரிகளைத் தேடுவார், பேடுக்காரர் அதற்குள் தட்ட ஆரம்பித்துவிடுவார். நம்மவரிடம் அந்தப் பாட்டுக்குப் பேட்ச் இல்லை. வேறு வழியில்லாமல் முதல் பேட்சில் இருக்கும் வெறும் பியானோவை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் வாசிப்பார். அன்றைக்கு அதிகக் கைதட்டல் அதற்குத்தான் விழும். அந்தக் கைதட்டலை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நாதஸ்வரத்தை லேப்டாப்பில் வாசிப்பது என்கிற துணிச்சலும் சிலருக்கு உண்டு. வலது கை கட்டையில், இடது கை சுருதியை வளைக்கும் சக்கரத்தில். கமகம் ஏறக்குறைய வந்துவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்துவிட்டு ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு நிஜ நாதஸ்வர வித்வான் இதை முழுசாகக் கேட்டுவிட்டு, பணிவாகத்தான் கேட்டார்: "நல்லாருக்கு தம்பி. மூச்சு எங்க விடுவீங்க?" நம்மவருக்குக் கோபம் வரவில்லை. நோட்டை எடுத்து, "எத்தனை மில்லி செகண்ட் விடலாங்கய்யா?" என்றார்.

இந்த ஏற்பாடு எல்லாவற்றுக்கும் அடியில் மிடி என்கிற ஒப்பந்தம் ஓடுகிறது. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேச ஒரு பொதுவான மொழி. 1983-ல் அமெரிக்காவில் சீக்வென்ஷியல் கம்பெனியின் கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டையும் ஒரு கண்காட்சியில் இணைத்துக் காட்டினார்கள். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசையமைத்தபோது அது ஊரெல்லாம் பேச்சு. இன்று வளைகாப்புக் கச்சேரியிலும் அதே மிடிதான். அதன் கணக்குப்படி கட்டையை அழுத்தும் வேகத்துக்கு உச்ச அளவு 127. எவ்வளவு ஆவேசமாக அடித்தாலும் 128 கிடையாது. கச்சேரிப் பணம் பாக்கி வைத்த ஏற்பாட்டாளரை நினைத்து அடித்தாலும் 127-தான்.

மிடியில் இன்னொரு வினோதம். கட்டையை அழுத்தினால் ஒரு செய்தி போகும், கையை எடுத்தால் வேறொரு செய்தி. இரண்டாவது செய்தி வழியில் தொலைந்தால், லேப்டாப்பைப் பொறுத்தவரை விரல் இன்னும் கட்டையில்தான் இருக்கிறது. வயலின் கூட்டம் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வாழ்த்துரைக்கு வந்த பிரமுகர் மைக்கைப் பிடிப்பதும் சரியாக அப்போதுதான். பின்னணியில் வயலின் ஒலிக்க, "மணமக்கள் பதினாறும் பெற்று..." என்று அவர் ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் காரணம் தெரியாமல் கண் கலங்கும். மென்பொருள் எழுதியவர்கள் அனுபவஸ்தர்கள். இதற்கென்றே திரையின் மேல் ஒரு பொத்தான் வைத்து, அதற்குப் 'பேனிக்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவன் பதற்றம் என்று எழுதிய பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பொத்தானுக்கும் மசியாமல் லேப்டாப் மொத்தமாக உறைந்துபோகும் நாளும் வரும். அப்போது மேஜைக்கு அடியிலிருந்து, சால்வை போர்த்திய பழைய கீபோர்டு ஒன்று மேலே வரும். 'பேக்கப்' என்பார் அலட்சியமாக. அடாப்டரைச் செருகி ஓர் எண்ணை அழுத்தினால் வயலின். புல்லாங்குழலும் அதேதான். ஆளுக்கு ஆள் கட்டைப் பையோடு மேடையில் மொய் கொடுக்க நிற்கும் வரிசையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இவ்வளவு கேலி செய்தாலும், ஒரு விஷயத்தில் இந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐந்து பேர் கச்சேரிக்குமேல் கொடுக்கக் கல்யாண வீட்டில் பட்ஜெட் இல்லை. வயலின்காரர்கள் வரமாட்டார்கள், புல்லாங்குழல்காரர் வரமாட்டார். பழைய பாட்டு ஒன்றின் இடையிசையில், பிரதானமான மெட்டுக்குக் கீழே இரண்டாவது வயலின் வரிசை தனியாக ஒரு வழியில் போய்த் திரும்பி வந்து சேரும். ரேடியோவில் ஆயிரம் தடவை கேட்டவர்களுக்கும் அது காதில் விழுந்திருக்காது. இவர் ராத்திரி ஹெட்போனில் அதைத் துரத்திப் பிடித்து, ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, இடது கைக்கு வைத்திருப்பார். மண்டபத்து இரைச்சலில் அது யாருக்கும் கேட்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு ஸ்வரம் விடாமல் வாசிப்பார். அந்த வரிசையை எழுதிய இசையமைப்பாளருக்கு இதைவிட நல்ல ரசிகர் கிடைக்கமாட்டார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ரிசப்ஷனில் இவரைப் பார்த்தால், முடிந்தால் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இடையிசையையாவது கேளுங்கள். காபி டம்ளரை லேப்டாப் மேஜையில் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "அஞ்சு நிமிஷந்தான் தம்பி" என்று சொல்லிக்கொண்டு அவருடைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் உங்கள் செல்போன் சார்ஜரைச் செருகாதீர்கள்.