காசு கொடுத்து வாங்கிய மின்வெட்டு

வியட்நாமில் ஹோய் ஆன் என்றொரு பழைய ஆற்றங்கரை ஊர். மாதத்தில் ஒரு ராத்திரி, பௌர்ணமிக்கு முந்தின நாள், அங்கே தெரு விளக்கையும் கடை விளக்கையும் வேண்டுமென்றே அணைக்கிறார்கள். 1998-லிருந்து இந்த வழக்கம். பட்டுத்துணிக் கூண்டு விளக்கும் ஆற்றில் மிதக்கும் காகித விளக்கும் மட்டும் எரியும். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறது.

இதை என் மனைவி தன் அண்ணனிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மச்சான் வாழ்நாளெல்லாம் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2012-ல் தமிழ்நாட்டில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ராத்திரி இரண்டு மணிக்கு வந்த போன்களையெல்லாம் எடுத்து, திட்டு அத்தனையையும் பொறுமையாக வாங்கிக்கொண்டவர்.

"கரண்டைப் புடுங்கினா ஜனங்க கை தட்டறாங்களா?"

"ஆமாண்ணா. விமானத்துல வந்து இறங்கிக் கை தட்டறாங்க."

"அந்த ஊரை நான் பாத்தே ஆகணும்" என்றார்.

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் விட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கோடை விடுமுறை என்றால் கொடைக்கானலா, வியட்நாமா என்றுதான் பேச்சு. மனைவி தினசரிக் காலண்டரைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் புரட்டி, சதுர்தசி பார்த்து டிக்கெட் போட்டாள். அவர்கள் காலண்டரும் நம்முடையதும் ஒரு நாள் முன்னே பின்னே இருக்கக்கூடும் என்று ஒரு நாள் கூடுதலாகவும் சேர்த்துக்கொண்டாள். நல்ல காரியத்துக்குச் சதுர்தசியைத் தவிர்க்கிற குடும்பம். மின்வெட்டு எந்தக் கணக்கில் வரும் என்று யாருக்கும் தெரியாததால் மாமியார் ஆட்சேபிக்கவில்லை.

நாங்கள் போனபோது அங்கே ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். முப்பத்தைந்தாயிரம் ரூபாயை மாற்றினால் கையில் ஒரு கோடிக்கு மேல் வந்துவிடும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோடியைத் தொட்ட மச்சானின் மனைவி, எங்கள் அண்ணி, அன்று முழுக்கக் கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டே நடந்தார். காபிக்கு ஐம்பதாயிரம் என்று பில் வந்தபோது அந்தப் பெருமிதம் இறங்கிவிட்டது.

ஹோ சி மின் நகரத்தில் விமானம் மாறி, தா நாங் விமான நிலையத்தில் இறங்கி, தெற்கே முப்பது கிலோமீட்டர் காரில் போனால் ஹோய் ஆன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹோய் ஆன், எதிரே தீவு மாதிரிக் கிடப்பது ஆன் ஹோய். முகவரி எழுதியவர் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். மஞ்சள் சுவர், பாசி பிடித்த ஓட்டுக் கூரை, வாசலுக்கு வாசல் விளக்குக் கூண்டுகள். மூங்கில் விலாவில் பட்டை இழுத்து ஒட்டியவை, குடை மாதிரி மடக்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். அண்ணி வந்த அரை மணி நேரத்தில் இரண்டை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டார்.

பகலில் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய பையன் முதலில் நிறுத்தியது கூரை போட்ட ஜப்பானியப் பாலத்தில். 1593-ஐ ஒட்டி ஜப்பானிய வணிகர்கள் கட்டியது. 20,000 டாங் நோட்டில் படம் போட்டிருப்பதும் இதைத்தான். ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறுமுனையில் குரங்குச் சிலைகள். குரங்கு வருஷத்தில் வேலை தொடங்கி நாய் வருஷத்தில் முடிந்தது என்கிறார்கள். கூரைப் பாலத்துக்கு இரண்டு வருஷம் என்பதை மச்சான் மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். அவர் பார்த்த டெண்டர்கள் வேறு ரகம்.

பாலத்துக்கு ஒரு கதையும் உண்டு. பூமிக்கு அடியில் ஒரு ராட்சதப் பிராணி படுத்திருக்கிறதாம். வால் ஜப்பானில், உடம்பு வியட்நாமில், தலை இந்தியாவில். அது புரண்டால் ஜப்பானில் பூகம்பம். அதனால் அதன் முதுகில் வாள் செருகின மாதிரி இந்த இடத்தில் பாலத்தைக் கட்டி அசையவிடாமல் பண்ணினார்களாம்.

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "தலை நம்ம ஊர்ல, அடி வாங்கறது ஜப்பான்காரன், பள்ளம் தோண்டினது இங்க. ஃபால்ட் ஒரு இடம், கம்ப்ளெய்ன்ட் ஒரு இடம், ரிப்பேர் ஒரு இடம். உலகம் பூரா டிபார்ட்மென்ட் ஒண்ணுதான் மாப்பிள்ளை."

இருட்டுகிற நேரத்தில் கடைக்காரர்கள் வாசலில் சின்ன மேஜை போட்டு, பழம், பூ, ஊதுபத்தி வைத்துக் கும்பிட்டார்கள். முன்னோர்களின் செலவுக்காகக் காகிதப் பணத்தைத் தகர டப்பாவில் போட்டு எரித்தார்கள். பௌர்ணமியை ஒட்டிப் பலர் சைவம் சாப்பிடும் வழக்கமும் உண்டு என்பதால், எங்கே போனாலும் இறால் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணிக்கு அன்று மட்டும் நிம்மதியான சாப்பாடு. நூடுல்ஸில் மீன் சாஸ் கிடையாது என்று கடைக்காரப் பெண் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மூன்று தடவை சத்தியம் பண்ணினாள்.

சாப்பிட்டுவிட்டு ஆற்றோரத் தெருவுக்கு வந்தபோது விளக்குகள் போயின. கூட்டம் ஆகா என்றது. போன்கள் உயர்ந்தன. எனக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் கண்ணில் தண்ணீர். எங்கள் நால்வருக்கு மட்டும் உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. அண்ணியின் கை தானாக விசிறி தேடியது. மனைவி சட்டென்று எதிர்க்கரையைப் பார்த்து, "அவங்களுக்கும் போயிடுச்சா, நமக்கு மட்டுந்தானா?" என்றாள். மின்வெட்டில் தமிழனுக்கு உள்ள ஒரே ஆறுதல் அடுத்த வீட்டிலும் இல்லை என்பதுதானே. நான் போன் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று பார்த்தேன்.

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டைமுக்கு ஆஃப் பண்ணிட்டான்" என்றார். குரலில் அப்படியொரு வாஞ்சை. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஆனா முழுசாப் போகலை. ஆன் ஹோய் பக்கம் ஒரு பார் எரியுது பாருங்க. அந்த ஃபீடரை விட்டுட்டான்" என்றார். இருட்டிலும் ஒழுங்கீனம் அவர் கண்ணுக்குத் தப்பாது.

இனிப் படகு.

படித்துறையில் கட்டணப் பலகை இருந்தது. ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை 1,50,000 டாங், நான்கு ஐந்து பேரானால் 2,00,000. இருபது நிமிஷம். நம் கணக்கில் முதலாவது சுமார் ஐந்நூறு ரூபாய். மச்சான் பலகையின் முன்னால் நின்று மனக்கணக்குப் போட்டார். மூன்று பேர் ஏறினாலும் நாலு பேர் ஏறினாலும் தலைக்கு 50,000. ஐந்து பேர் ஏறினால் 40,000. இதைக் கண்டுபிடித்த பிறகு எப்படி நாலு பேராக ஏறுவது? ஐந்தாவது ஆளைத் தேடிக் கிளம்பிவிட்டார். தனியாக ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பையனிடம் போய், "யூ, சிங்கிள்? கம் வித் அஸ்" என்றார். பையன் ஐஸ்கிரீமோடு கூட்டத்தில் மறைந்தான். அடுத்து ஒரு ஜோடியை அணுகி, யாராவது ஒருத்தர் மட்டும் வந்தால் போதும் என்று விளக்க ஆரம்பித்தபோது மனைவி போய் இழுத்துக்கொண்டு வந்தாள்.

எங்களுக்கு வாய்த்த படகுக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ராத்திரியிலும் தலையில் கூம்புத் தொப்பி. ஆங்கிலத்தில் அவர் வைத்திருந்தவை மூன்றே சொற்கள்: போட்டோ, ஸ்மைல், நோ ஸ்டாண்ட். அந்தத் தொழிலுக்கு நாலாவது தேவைப்படவும் இல்லை. எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். அண்ணிக்கு அது புடவைக்கு மேல் ஏறி, முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

படகைச் சுற்றிக் கம்பு நட்டுச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கூண்டுகள் தொங்கின. ஊரே விளக்கணைத்திருக்கும்போது இதற்கு மட்டும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மச்சானைக் குடைந்தது. குனிந்து பலகைக்கு அடியில் தலையை விட்டார். "பேட்டரி! எல்ஈடி!" என்று அடியிலிருந்து அறிவித்தார். அதே நேரத்தில் இடமும் வலமும் வந்த படகுகளிலிருந்து ஃபிளாஷ் மின்னியது. அந்த ஆற்றில் தன் படகைப் படம் எடுக்க முடியாது, அதில்தானே உட்கார்ந்திருக்கிறோம். அதனால் எல்லோரும் அடுத்தவன் படகைத்தான் எடுக்கிறார்கள். கொரியாவிலோ பிரான்ஸிலோ ஏதோ ஒரு வீட்டு ஆல்பத்தில், தங்க நிற ஒளிக்கு நடுவே மச்சானின் முதுகுப் புறம் பத்திரமாக இருக்கும்.

ஹ்வாய் ஆறு அகலமானதல்ல, தூ போன் ஆற்றின் கிளை. அதில் அன்று இறங்கியிருந்த படகுகளைப் பார்த்தால் கரையில் யாரும் மிச்சமில்லை என்று தோன்றியது. படகு நகர்வதும் இடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. இடிக்கும்போது படகுக்காரம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, என்னவோ பேசி, துடுப்பால் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமியார், மருமகள், மீன் விலை எல்லாம் அந்தப் பேச்சில் இருந்திருக்கும். அமைதியான உலா என்று யாரோ எழுதியதைப் படித்து வந்த மனைவிக்குக் கோபம். எனக்கு அந்த நெரிசல்தான் பிடித்திருந்தது. ஊருக்கு ஏற்ற நெரிசல் அது.

ஓரிடத்தில் துடுப்பு அடியில் தட்டி, நுனியில் சேறு ஒட்டி வந்தது. இந்தச் சேற்றுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஜப்பானியர், சீனர், போர்த்துகீசியர், டச்சுக்காரர் எல்லோரும் பட்டுக்கும் பீங்கானுக்கும் கப்பலேறி வந்த துறைமுகம் இது. அதற்கும் முன்னால் சம்பா அரசர்களின் நாடு. இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் மீ சோன் என்ற இடத்தில் அவர்கள் கட்டிய சிவன் கோயில்கள் செங்கல் செங்கலாக நிற்கின்றன. பிறகு ஆறு மெல்ல மெல்ல மண்மூடியது. பெரிய கப்பல் நுழைய முடியவில்லை. வியாபாரம் தா நாங்குக்குப் போய்விட்டது. வியாபாரம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடம் காசு? அப்படியே விட்டுவிட்டார்கள். எண்பதுகளில் மீ சோன் கோயில்களைச் சீரமைக்க வந்த போலந்துக் கட்டடக் கலைஞர் கஷிமியேஷ் க்வியத்கோவ்ஸ்கி இந்த வீடுகளைப் பார்த்து, இடிக்காதீர்கள் என்று மன்றாடினார். அவருக்கு இப்போது ஊருக்குள் சிலை இருக்கிறது. 1999-ல் யுனெஸ்கோ பட்டியல். நூறு வருஷத்துக்கு மேல் ஊரை இடிக்கவிடாமல் பார்த்துக்கொண்ட சேற்றுக்கு இன்னும் ஒரு கல்வெட்டுக்கூட இல்லை.

ஆறு மனசு வைத்தால் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். மழைக்காலத்தில் இதே தெருக்களில் வெள்ளம் ஏறிப் படகு விடுவார்கள். தன் கீ என்ற பழைய வணிகர் வீட்டில் ஒவ்வொரு வெள்ளமும் எதுவரை வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-ன் குறி என் தலைக்கு மேலே இருந்தது.

பாதி வழியில் படகுக்காரம்மா காகித விளக்குகளைத் தந்தார். உள்ளே சின்ன மெழுகுவத்தி. ஏதாவது வேண்டிக்கொண்டு, நீளமான மூங்கில் கொக்கியில் மாட்டி ஆற்றில் இறக்கிவிட வேண்டும். அதற்குத் தனிக் காசு.

"ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துல விளக்கு விட்டா காவேரி காசா கேக்கறா?" என்றாள் மனைவி. கேட்டுக்கொண்டே இரண்டு வாங்கினாள்.

அண்ணி மிதவைச் சட்டைக்குள்ளேயே கண்ணை மூடி வேண்ட ஆரம்பித்தார். மகன், மருமகள், பேரன், பேரனின் நுழைவுத்தேர்வு, நாத்தனார் முட்டி, பக்கத்து வீட்டோடு உள்ள சுவர்த் தகராறு என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. மெழுகுவத்தி பாதியாகிவிட்டது. பின்னால் நாலு படகுகள் நின்றன. கடைசியில் அந்த விளக்கு தண்ணீரில் இறங்கி மற்றவற்றோடு சேர்ந்து போனது.

கொஞ்ச தூரம் தள்ளி, வெளிச்சமில்லாத ஒரு படகில் ஒரு ஆள் நின்றுகொண்டு, நீளக் கம்பு வைத்த வலையால் அணைந்த காகித விளக்குகளை அள்ளிப் படகில் கொட்டிக்கொண்டிருந்தார். ஆறு குப்பையாகக் கூடாது அல்லவா. அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னங்க, நான் வேண்டினதையும் அள்ளிட்டான்."

"மனு கொடுத்தாச்சு, உள்ள வாங்கிட்டாங்க. அதோட நம்ம வேலை முடிஞ்சுது. இனிமே மேல இருந்து பதில் வரும்" என்றார் மச்சான். அண்ணி சமாதானமாகிவிட்டார்.

கரையேறியபோது மனைவி படகுக்காரம்மாவிடம் போனைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, எங்களுக்கே தெரியாத ஏதோ இரவு அமைப்பைத் தட்டி, "ஸ்மைல்" என்றார். உறவினர் குழுவில் போட்ட படங்களில் ஆள் முகம் தெரிந்தது அது ஒன்றில்தான். மற்றதெல்லாம் மனைவி எடுத்தவை. கறுப்பாக இருக்கும், ஓரத்தில் மஞ்சளாக ஏதாவது தீற்றியிருக்கும்.

ஒரு நாள் கூடுதலாகப் போட்டிருந்தோம் அல்லவா, மறுநாள் சாயங்காலமும் அதே படித்துறைக்குப் போனோம். பௌர்ணமி. தெரு விளக்கு, கடை விளக்கு, பார் விளக்கு எல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. அதே அம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்து, கால்குலேட்டரில் 2,00,000 என்று தட்டிக் காட்டினார்.

"நேத்து கரண்டை நிறுத்திக் காமிச்சாங்க, கொடுத்தோம்" என்றாள் மனைவி. "இன்னைக்குத்தான் கரண்ட் இருக்கே. குறைச்சுக்கச் சொல்லுங்க."

போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் இதைச் சொல்லிக் காட்டினேன். அந்த அம்மா படித்தார். இன்னொரு தடவை படித்தார். பக்கத்துப் படகுக்காரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கால்குலேட்டரில் மறுபடியும் 2,00,000 வந்தது.

மனைவி அண்ணனைப் பார்த்தாள். மச்சான் ஏற்கெனவே படகில் உட்கார்ந்து மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அது மினிமம் சார்ஜும்மா" என்றார். "கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் கட்டித்தான் ஆகணும். ஏறு."