சோறு உண்டு, பேச்சு இல்லை!

கேள்வி: பழைய போனை ஃபிளாஷ் செய்யக் கணினியில் செருகினேன். சார்ஜ் ஏறுகிறது, கணினி மட்டும் போனைக் கண்டுகொள்ளவில்லையே?
– வாசகர், வளவனூர்

பதில்: முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி 2.0 கேபிளுக்குள் 4 கம்பிகள்: 2 மின்சாரத்துக்கு, 2 தகவலுக்கு. மலிவான சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது. சோறு போடும், பேச்சுக் கொடுக்காது! நல்ல டேட்டா கேபிளை, ஹப் இல்லாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். அப்போதும் தெரியவில்லையா? விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான். டிரைவர் வராமல் விழுப்புரம் பஸ் நகருமா? போன் கம்பெனி தரும் டிரைவரை நிறுவுங்கள். ஃபிளாஷ் செய்தால் போனில் உள்ளவை அழிந்துபோகலாம். அம்மாவின் படங்களை முன்பே நகலெடுத்து வையுங்கள்; போன் வேறு வாங்கலாம், அவை கிடைக்காது.