ஸ்டிக்கர் பாத்துப் பழம் வாங்கு பேராண்டி

ஏசி கடையில பழம் வாங்கிட்டு வந்தியாமே பேராண்டி? வாங்கினா அப்பிடித்தான் வாங்கணும். ஒங்கப்பத்தா விவரமில்லாதவ. காம்பை மோந்து பாப்பா, அடியில அமுக்கிப் பாப்பா, கடைக்காரன் மொறைச்சாலும் விடமாட்டா. நீ பழத்தைப் பாக்காத, ஸ்டிக்கரைப் பாரு.

ஆப்பிள்ல ‘டெஸ்டட் ஓகே’ன்னு ஒட்டியிருக்கா? யாரு டெஸ்ட் பண்ணினது, எங்க பண்ணினதுன்னு கேட்டுறாத, மரியாதையா இருக்காது. பழத்தை ஒசத்தியாக் காட்டவும், சில சமயம் அழுகலை மறைக்கவுந்தான் இப்பிடி ஒட்டுறாங்கன்னு தில்லியில இருக்குற உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கு. சொல்லிட்டுப் போறாங்க. சொத்தையோட மானத்தைக் காப்பாத்துறதும் புண்ணியந்தானே? ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுப் பாத்துறாத.

அப்புறம் அந்த நம்பரு. வாழைப்பழத்துல 4011-ன்னு இருந்தா சாதாரணமா வெளஞ்சது. முன்னாடி ஒரு 9 சேந்து 94011-ன்னு ஆச்சுன்னா இயற்கை வெவசாயமாம். பில்லு போடுற பொண்ணு வெலை தடுமாறாம இருக்க வியாபாரிங்க வச்சுக்கிட்ட நம்பர் அது. நீ என்னடான்னா ஜாதகம் மாதிரி தூக்கிவச்சுப் படிக்கிற.

ஆரஞ்சா? செவப்பு வலைப்பையில கட்டினதா எடு. வலையோட நெறம் பழத்துல ஏறினாப்புல கண்ணை ஏமாத்தும், நல்லாக் கனிஞ்சதாத் தெரியும். வீட்டுக்கு வந்து வலையைக் கிழிச்சா வெளிறிப்போய்க் கெடக்கும். அதனால வலையோட தின்னுரு.

பேரு வைக்கிறதுலயும் காசு இருக்குடா. சீனத்து நெல்லின்னு ஒரு பழத்தை நியூசிலாந்துக்காரன் வெளைய வச்சான். அமெரிக்காவுக்கு ஏத்துமதி பண்ண அந்தப் பேரு தோதுப்படலை. 1959-ல அவன் ஊரு பறவை பேரைத் தூக்கி ‘கிவி’ன்னு வச்சான். பழத்துல ஒரு மயிரு கூட மாறலை. இந்தா, நீயும் நாலு வாங்கி அடுக்கிவச்சிருக்க.

நம்ம சிறுமலை வாழைப்பழத்துக்கும் புவிசார் குறியீடு இருக்குன்னு தெரியுமா? சர்க்காரே குடுத்த முத்திரை. ஆனா பஸ் ஸ்டாண்டுல கூடைக்காரம்மா சீப்புல அது ஒட்டலையே. அதான் அந்தம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுற.

நேத்துதான் அந்தம்மாவுக்கு ஒரு சுருள் ஸ்டிக்கர் அடிச்சுக் குடுத்துட்டு வந்தேன். பளபளன்னு தங்கக் கலரு, உள்ள ஒண்ணும் எழுதலை. நாளையிலருந்து சீப்பு இருபது ரூபா கூட. பேரம் கெடையாது. சீக்கிரம் போ, தீந்துரும்.