ஐந்நூறு டாலர் ஜமீன்தார்

இந்தியக் கடையில் அவர் வெண்டைக்காய் வாங்குவதைப் பார்க்க வேண்டும். ஒரு காயை எடுப்பார், நுனியை ஒடிப்பார். 'டக்'கென்று ஒடிந்தால் பைக்குள் போகும். வளைந்தால் மறுபடி குவியலுக்கே போகும். "தயவுசெய்து நுனியை ஒடிக்காதீர்" என்று கடைக்காரர் எழுதி ஒட்டியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டு அடுத்த காயை ஒடிப்பார். ஒரு பவுண்டு தேற இருபது நிமிடம் ஆகும். இந்த மனிதர்தான் 2012 அக்டோபரில், வாசற்படியைக்கூட மிதிக்காமல், ஒரே வாரத்தில் டெட்ராய்ட்டில் மூன்று வீடுகள் வாங்கினார்.

பெயர் வேண்டாம். ட்ராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ், கேன்டன் என்று மிச்சிகனில் நம்மவர்கள் குடியேறிய எந்த ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. பகலில் ஏதாவதொரு கார் கம்பெனிக்கு பிரேக்கோ பம்பரோ வரைவார். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் ஜமீன்தார் ஆகிவிடுவார். ஊரில், மன்னார்குடிப் பக்கம், இவருக்குப் பூர்வீகச் சொத்து என்று மிஞ்சியது கொல்லைக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் அண்ணன் தம்பிகள் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நில ஆசை எங்கிருந்து வந்தது என்று நான் ஆராய்ச்சி செய்யப் போவதில்லை.

தொற்று பரவியது ஒரு பொட்லக் விருந்தில். யாரோ தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தேடிக்கொண்டே, "டெட்ராய்ட்ல ஐந்நூறு டாலருக்கு வீடு கிடைக்குதாம்" என்றார். நம் ஆள் தட்டைக் கீழே வைத்தார். இருபது வருடம் அமெரிக்காவில் இருந்தும் அவர் மனசு ரூபாயில்தான் கணக்குப் போடும்.

"இருபத்தாறாயிரத்துச் சொச்சம் ரூபா! தம்பி, தாம்பரத்துல இந்தப் பணத்துக்கு ஒரு ஜன்னல் வைக்க முடியுமா?"

முடியாதுதான். ஜன்னலே இல்லாத வீட்டைத்தான் வாங்கப் போகிறார் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அதன் பிறகு எல்லா விருந்திலும் பாடம் நடந்தது. "வீட்டு வரி கட்டலைன்னா நம்மூர்ல என்ன செய்வான்? வாசல்ல தண்டோரா போடுவான், குப்பைத்தொட்டியக் கொண்டாந்து வைப்பான். இங்க 1999லயே சட்டம் போட்டுட்டான். மூணு வருஷம் பாத்துட்டு, மார்ச் 31 தாண்டினா வீடு கவுண்டிக்கு, நம்ம ஜில்லா மாதிரி ஒண்ணுக்கு, சொந்தம். அப்புறம் ஏலத்துல விட்டுடுவான். நடுவுல வட்டி வேற. மொதல்ல ஒரு வட்டி, அப்புறம் ஒன்றரை வட்டி." இது மாத வட்டி என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டமே வந்தது. இங்கே அந்த வட்டியைக் கேட்பது கருவூலம் என்பதால் யாரும் அதைக் கந்துவட்டி என்பதில்லை.

இந்த வரி ஏல மதத்தில் இரண்டு கிளைகள் உண்டு. வீட்டை வாங்காமல் பாக்கியை மட்டும் வாங்குகிறவர்கள் ஒரு கிளை. அடுத்தவர் கட்டாத வரியை இவர்கள் கட்டிவிட்டு, அவரிடமிருந்து வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள். அயோவாவில் இரண்டு வட்டி, அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். ஃப்ளோரிடாவில் ஒன்றரை வட்டியில், அதாவது 18 சதவீதத்தில், ஏலம் தொடங்கும். ஆனால் அந்த ஏலம் கீழ்நோக்கிப் போகும். யார் குறைந்த வட்டிக்கு ஒப்புகிறாரோ அவருக்குத்தான் கிடைக்கும். பெரிய முதலைகள் கால் சதவீதம் வரை இறங்கி அள்ளிக்கொண்டு போவதைக் கண்டு நம் ஜமீன்தார் அந்தக் கிளையை வெறுத்தார். "வட்டிக்கு விடறவன் வேற, நிலம் வெச்சிருக்கறவன் வேற தம்பி" என்றார். மீசை இருந்திருந்தால் தடவியிருப்பார்.

டெட்ராய்ட் இருக்கும் வெய்ன் கவுண்டியில் அப்போதெல்லாம் ஏலம் இரண்டு சுற்று. செப்டம்பரில் வரி பாக்கி முழுவதையும் சேர்த்து ஆரம்ப விலை வைப்பார்கள். அதில் போணியாகாததை அக்டோபரில் ஐந்நூறு டாலரிலிருந்து மறுபடி விடுவார்கள். இன்டர்நெட்டிலேயே கேட்கலாம். செப்டம்பரில் வாங்குகிறவன் முட்டாள் என்பது ஜமீன்தாரின் சித்தாந்தம். செப்டம்பரில்கூட யாரும் தொடாத வீடு எப்படி இருக்கும் என்ற கேள்வி அந்தச் சித்தாந்தத்தில் இடம்பெறவில்லை.

சொத்தைத் தேர்ந்தெடுத்த விதம் பெண் பார்க்கும் படலம்தான். கூகுள் தெருப்படத்தில் முகவரியைப் போட்டு, வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார். கிழக்கு, வடக்கு மட்டும் பட்டியலில் ஏறும். தெற்குப் பார்த்த நல்ல செங்கல் வீடுகள் பல இப்படித் தப்பித்தன. படத்தில் வெள்ளைத் திரைச்சீலை, வராந்தாவில் ஒரு பூந்தொட்டி. "லட்சணமா இருக்கு, இல்ல?" என்பார். படம் 2009இல் எடுத்தது என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. தரகர் கொண்டுவரும் மாப்பிள்ளை போட்டோவில் தலைமுடி இருப்பதில்லையா, அந்த மாதிரி.

ஏல நாட்களில் அவர் வீட்டில் யாரும் பேசக் கூடாது. முடிகிற நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் கடிகாரம் இன்னும் சில நிமிடம் நீளும். நீளும் ஒவ்வொரு முறையும் இவரும் கொஞ்சம் ஏற்றுவார். எதிரில் ஏற்றுவது யார் என்று தெரியாது. அது கலிஃபோர்னியாக்காரனாக இருக்கலாம், ஆஸ்திரேலியாக்காரனாக இருக்கலாம். அந்த வீட்டுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, தன் கூரையைக் காப்பாற்றக் கடன் வாங்கிய பணத்தில் கேட்பவராகவும் இருக்கலாம். திரையில் எல்லோரும் எண்தான்.

பத்திரம் தபாலில் வந்தது. இவருடைய மாமனார் செங்கல்பட்டில் ஒரு மனை வாங்க முப்பது வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வக்கீலின் ஒப்பீனியன் எல்லாம் எடுத்துவிட்டு, அப்புறமும் ஜோசியரைக் கேட்டவர். கவுண்டி கொடுத்தது 'குவிட் கிளெய்ம்' பத்திரம். அதன் சாரம், 'எனக்கு இதில் ஏதாவது உரிமை இருந்தால் அது இனி உனக்கு' என்பதுதான். உத்தரவாதம் கிடையாது. பிறகு விற்கப் போனால், உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனிக்காரன், "கோர்ட்டுக்குப் போய் உன் உரிமையைத் தெளிவாக்கிக்கொண்டு வா" என்பான். அதற்கு வக்கீல் ஃபீஸ் வீட்டின் விலையைப் போல நாலைந்து மடங்கு. ஜமீன்தார் பத்திரத்தை லேமினேட் செய்து பூஜை அலமாரியில் வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு கிராமங்களைப் பார்வையிடக் கிளம்பினார். எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு பூட்டு எல்லாம் காரில் இருந்தன. எட்டு மைல் ரோட்டைத் தாண்டினால் டெட்ராய்ட். 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர், 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சம் ஆகியிருந்தது. மீதிப் பேர் விட்டுப்போன வீடுகள் வழியெல்லாம் நின்றன.

முதல் வீடு நின்றது. கதவுதான் இல்லை, அதனால் பூட்டுக்கு வேலையும் இல்லை. சுவரெல்லாம் பிளந்து கிடந்தது. செப்புக் குழாய்களை உருவி எடைக்குப் போட்டிருந்தார்கள். கணப்புப் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு துரு அடையாளம். ஜன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்துப் போயிருந்தார்கள். டாய்லெட் மட்டும் முழுசாக இருந்தது. ஜமீன்தார் அதைத் தட்டிப் பார்த்தார். "போர்சிலின். இதுவே நூறு டாலர் பெறும்" என்றார்.

இரண்டாவது முகவரியில் மூன்று சிமென்ட் படிக்கட்டு இருந்தது. நாங்கள் ஏறினோம். மேலே வானம். 2009க்கும் 2012க்கும் நடுவில் வீட்டைக் காணோம். படி கிழக்குப் பார்த்துத்தான் இருந்தது.

மூன்றாவது வீட்டில் திரைச்சீலையும் இருந்தது, பூந்தொட்டியும் இருந்தது. மணி அடித்ததும் ஓர் அம்மா வந்து கதவைத் திறந்தார். அறுபது வயசிருக்கும், மருத்துவமனைச் சீருடை, கையில் காபிக் கோப்பை. வீட்டுக்காரருக்கு மாதாமாதம் வாடகை கொடுத்த ரசீது அத்தனையும் வைத்திருந்தார். அந்த வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு வரியைக் கட்டாமல் விட்டதற்கு ஏலத்தில் போனது அந்த அம்மா குடியிருந்த கூரை. அந்த அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. "இனிமேல் வாடகை யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் ஜமீன்தாரின் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது. வேறு ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் அதை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு தபால்தலையோடு முடிகிற வேலை அது. நேரில் போய்விட்டதுதான் இவர் செய்த தவறு. வாயைத் திறந்தார், மூடினார், கடைசியில் எலுமிச்சம்பழத்தை அந்த அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் மனைவி விசாரணை. "ஏங்க, அந்தம்மா எங்க போவாங்க?" அதற்குமேல் ஜமீனில் தர்பார் நடத்தியது யார் என்று உங்களுக்கே தெரியும். ஆயிரத்து ஐந்நூறு டாலர் விலை, மாதம் நூறாகத் தரலாம் என்று அந்த அம்மாவுக்கே எழுதிக் கொடுத்தார்கள். "நஷ்டத்துக்கு வித்துட்டேன் தம்பி" என்று இன்றுவரை சொல்கிறார். ஐந்நூறுக்கு வாங்கியதை மூன்று மடங்கு விலைக்கு விற்று ஒருவர் அடைந்த நஷ்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த வருடம் முதல் வீட்டுக்கு வரிச் சீட்டு வந்தது. வாங்கியது ஐந்நூறுக்கு, ஆண்டு வரி இரண்டாயிரத்துக்கு மேல். வீடு நல்லபடியாக இருந்த காலத்து மதிப்பை நகராட்சி மாற்றவே இல்லை. இது இவர் ஒருவர் கதையல்ல. 2010 முதல் 2016 வரை டெட்ராய்ட் தன் வீட்டுக்காரர்கள் மீது குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாக வரி போட்டது என்று 'டெட்ராய்ட் நியூஸ்' 2020இல் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்த அதிக வரியைக் கட்ட முடியாதவர்களின் வீடுகளும் இவர் மேய்ந்த பட்டியலில் வரிசை எண்ணாக நின்றிருக்கும். ஏலத்தில் கிடைக்கும் மலிவுக்கு யாராவது முழு விலை கொடுத்திருப்பார்கள் என்று நான் ஒருமுறை சொன்னபோது ஜமீன்தார் பேச்சை மாற்றி, கூட்டில் உப்பு கம்மி என்றார்.

2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரமே திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் அதுவரை எந்த நகராட்சியும் அவ்வளவு பெரிதாகத் திவாலானதில்லை. "திவாலான ஊருக்கு யாராவது வரி கட்டுவானா?" என்று ஜமீன்தார் சீட்டைக் கிழித்தார். நகரம் திவாலானாலும் கவுண்டி கருவூலம் திவாலாகவில்லை. 2014இல் மாத வட்டி ஓடத் தொடங்கியது, 2016 மார்ச் 31 வந்தது, போனது. அக்டோபரில் அந்த வீடு ஏலப் பட்டியலில் இருந்தது. ஆரம்ப விலை 500 டாலர். அதே 2009 படத்தை நம்பி யாரோ வாங்கினார்கள்.

தோல்வியை ஒப்புக்கொள்வது ஜமீன்தார் குலத்துக்கு வழக்கமில்லை. அதன்பின் அவர் புராணிகர் ஆனார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கோடீஸ்வரர்கள் வாழும் ஒரு தனித்தெருவையே, வருடம் 14 டாலர் வரியை முப்பது வருடம் கட்டாமல் விட்டதற்காக நகராட்சி விற்க, 2015இல் ஒரு தம்பதி சுமார் 90,000 டாலருக்கு வாங்கிய கதையைக் கண்கள் மின்னச் சொல்வார். 2017இல் நகர்மன்றம் மாதிரியான சபை கூடி அந்த விற்பனையையே ரத்து செய்த கட்டம் வரும்போது மட்டும் அவருக்கு ரசம் ஆறிவிடும், எழுந்து போய்விடுவார். அவர் மனைவிக்கு வேறு கதை பிடிக்கும். ஃப்ளோரிடாவில் ஒருவர் வில்லா என்று நினைத்து 9,100 டாலர் கொடுத்து, இரண்டு வீட்டுக்கு நடுவே ஓடும் ஓரடி அகலம் நூறடி நீளத் துண்டை வாங்கிய கதை. "நம்மளாவது படிக்கட்டு வாங்கினோம்" என்று முடிப்பார்.

2020இல் ஒரு தீர்ப்பு வந்தது. பக்கத்து ஓக்லண்ட் கவுண்டியில் ஒருவர் வரியில் 8 டாலர் 41 சென்ட் குறைவாகக் கட்டியிருந்தார். அது வட்டியும் அபராதமும் சேர்ந்து 285 டாலர் 81 சென்ட் ஆனது. வீட்டை 24,500 டாலருக்கு விற்ற கவுண்டி, மிச்சப் பணம் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. அது செல்லாது, பாக்கி போக மீதி வீட்டுக்காரருக்கே என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் மின்னசோட்டாவைச் சேர்ந்த 94 வயது மூதாட்டியின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒரே குரலில் அப்படித்தான் சொன்னது.

முதல் தீர்ப்பு வந்த ராத்திரியே எனக்கு போன். "தம்பி, எனக்கும் அப்ப மிச்சப் பணம் வரணுமில்ல? எம்பேர்ல இருந்த வீடுதானே போச்சு?"

"உங்க பாக்கி எவ்வளவு அண்ணே?"

"எல்லாம் சேத்து ஆறாயிரம் தாண்டிடுச்சு."

"வீடு எவ்வளவுக்குப் போச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஐந்நூறு" என்றார்.

இப்போது ஜமீனில் மிஞ்சியிருப்பது அந்த மூன்று படிக்கட்டும் அதன் பின்னால் முப்பதடி அகல மனையும். அதன் வரியை மனைவி தேதி தவறாமல் கட்டிவிடுகிறார். புல் முளைத்தால் நகராட்சி அபராதம் போடும் என்பதால் சனிக்கிழமைகளில் இவர் இருபது மைல் ஓட்டிப் போய் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, தான் அந்த மனையில் பல வருடம் காலர்ட் கீரை போட்டதாகவும், யாரோ வாங்கிவிட்டதாகத் தெரிந்ததும் விட்டுவிட்டதாகவும் சொன்னார். மறுபடி போட்டுக்கொள்ளட்டும் என்று பேச்சாயிற்று. குத்தகை என்று எதுவும் பேசவில்லை. ஆனால் அக்டோபர் பனியில் கீரை இனிக்கத் தொடங்கும்போது அவர் ஒரு பெரிய காகிதப் பை நிறையக் கட்டிக் கொடுக்கிறார்.

போன தீபாவளி பொட்லக்கில் அந்தக் கீரை கூட்டாக வந்தது. தேங்காய் தாராளமாக விழுந்திருந்தாலும் கொஞ்சம் நார் இருந்தது. ஜமீன்தார் பாத்திரத்தின் பக்கத்திலேயே கரண்டியோடு நின்று, வருகிற ஒவ்வொருவர் தட்டிலும் தன் கையால் போட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நம்ம நெலத்துல வெளஞ்சது."