பாலாற்றங்கரையில் ஒரு பவள வழக்கு

கடல் இல்லாத ஊரில்தான் கடலடியைப் பற்றிய தீர்ப்புகள் தயக்கமின்றி வழங்கப்படுகின்றன என்பதற்கு, காசிமேட்டிலிருந்து பனிக்கட்டியில் வந்திறங்கிய சங்கரா மீனின் விலையை முன்னிட்டு, ஆம்பூர்த் தோல் வணிகர் ஒருவருக்கும் ஆற்காட்டு விலங்கியல் ஆசிரியர் ஒருவருக்கும் இடையே நிகழ்வதாகப் புனையப்பட்ட பின்வரும் உரையாடல் சான்றாகும்.

வணிகர்: கடலின் அடி என்பது வெறும் சேறு, வாத்தியாரே. நிலத்தை உழுதால் விளைச்சல் கூடுவதுபோல, இழுவை மடியின் பலகைகளும் அடிச்சங்கிலியும் அந்தச் சேற்றைக் கிளறினால் மீன் பெருகுமே தவிரக் குறையுமா?

ஆசிரியர்: நாற்று நட்ட வயலை எவரும் மறுபடி உழுவதில்லை, முதலாளி. இழுவை மடி, அதாவது கடற்தரையை உரசியபடி விசைப்படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை, சேற்றையும் பாறைத் திட்டையும் பிரித்தறிவதில்லை. குமரி மீனவர்கள் அத்தகைய திட்டுகளைப் 'பார்' என்று அழைத்து, களவா மீனை நாடி அங்கே தூண்டில் இடுகின்றனர். இன்னும் ஆழத்தில், வெயில் எட்டாத இருளில், குளிர்நீர்ப் பவளங்கள் வாழ்கின்றன. மன்னார் வளைகுடாவின் பவளம் தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் உழைப்பில் பிழைக்க, இவையோ நீரோட்டம் கொண்டுவரும் துகள்களைப் பிடித்துத் தின்று, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வரையே வளர்கின்றன.

வணிகர்: இவ்வளவு மெதுவாக வேலை செய்பவரைத் தொழிற்சாலையில் ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது. மீன்களுக்கு அவற்றால் என்ன பயன், வாடகைக்கா குடியிருக்கின்றன?

ஆசிரியர்: வாடகையின்றியே குடியிருக்கின்றன. பவளக் கிளைகளின் இடுக்கில் குஞ்சுகள் ஒளிகின்றன, பெரிய மீன்கள் நீரோட்டத்தின் வேகத்திலிருந்து ஒதுங்குகின்றன, சில சுறா இனங்கள் முட்டைப்பைகளைக் கிளைகளிலேயே மாட்டிவைக்கின்றன. கடற்பஞ்சுகள், அதாவது உடலின் துளைகள் வழியே நீரை வடிகட்டி உண்ணும் எளிய விலங்குகள், இதே பணியை வேறு வடிவில் செய்கின்றன. கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் எலும்புக்கூடு கட்டும் பஞ்சுகள் கனடாவின் மேற்குக் கடலில் எழுப்பியுள்ள திட்டுகள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழைமையானவை. பவளங்களில் பல சுண்ணாம்பால் வீடு கட்டுகின்றன. ஆம்பூரிலோ சுண்ணாம்பு தோலின் உரோமத்தை உதிர்க்கவே பயன்படுகிறது என்பதால், முதலாளிக்கு இச்செய்தி விளங்கச் சற்று நேரமாகலாம்.

வணிகர்: உடைந்தால் மறுபடி வளரட்டுமே.

ஆசிரியர்: வளரும், காத்திருக்க வேண்டும். ஹவாய்க் கடலில் ஒரு கருப்புப் பவளம் 4,000 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. தோலில் ஒரு கீறல் விழுந்தாலே தரம் இறங்கிவிட்டதென்று விலையைக் குறைக்கும் முதலாளி, உயிருள்ள தரையின் மேல்தோலையே ஒரே இழுப்பில் உரித்துவிட்டு, அதற்குத் தேய்மானம் இல்லை என்கிறார்.

வணிகர்: சேதம் ஆயிற்று என்று மீன்கள் நிரூபிக்கட்டும், ஆதாரமில்லாமல் தொழிலை நிறுத்தச் சொல்வது அநியாயம்.

ஆசிரியர்: அந்த வழக்கை ஆம்பூரே ஏற்கனவே தோற்றிருக்கிறது. பாலாற்றில் கலந்த தோல் கழிவு தொடர்பாக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை, அதாவது அறிவியல் உறுதி முழுமையாகக் கிட்டும்வரை தடுப்பு நடவடிக்கையை ஒத்திப்போடக் கூடாது என்னும் நெறியை, இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பையும் தொழில் நடத்துபவர்மீதே சுமத்தியது. பத்தாண்டு கழித்து, 2006 டிசம்பரில், ஐ.நா. பொதுச்சபை தன் 61/105 ஆம் தீர்மானத்தில், குளிர்நீர்ப் பவளங்களையும் கடலடி மலைகளையும் அடித்தரை மீன்பிடிப்பின் அழிவிலிருந்து காக்குமாறு நாடுகளைக் கேட்டபோது, அதே கோட்பாட்டையே கையில் எடுத்தது. ஆம்பூர் ஏற்றுமதி செய்தவை காலணிகள் மட்டுமே என்று எண்ணிவிட வேண்டாம்.

வணிகர்: அந்தத் தீர்ப்பு பாலாற்றுக்கு எழுதப்பட்டது, வாத்தியாரே. அது கடலைச் சென்றடைய வேண்டுமானால் வயலூர் முகத்துவாரம் வரை ஆற்றோடுதான் போயாக வேண்டும். ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? அந்தச் சங்கராவில் இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லுங்கள்.